கால்தடம் அழிக்கிறவன்

மணற்காட்டில் ஒரு பாலைவனம் எடுத்தார்கள்.
கடல் தெரியக்கூடாது என்பது முதல் கட்டளை.
ஒரு பக்கம் திரும்பினால் சவுக்குத் தோப்பு,
மறுபக்கம் திரும்பினால் அலை,
இடையில் மிஞ்சிய ஒரு முழத் திசையில்
இரண்டு நாடுகள் போரிட்டன.

என் வேலை கால்தடம் அழிப்பது.
ஒவ்வொரு தரமும் கமெரா நின்றதும்
சவுக்குக் கிளையோடு பின்பக்கமாய் நடந்து
என் தடத்தையும் சேர்த்தே அழிப்பேன்.
நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. மத்தியானச் சோறு.

சீருடை நெல்லியடியில் தைத்தது, யன்னல் சேலைத் துணி.
துவக்குகள் பூவரசங் கட்டை.
காலையும் மாலையும் பொலிஸ்காரர் வந்து
பதினாலு என்று எண்ணி எழுதிக்கொண்டு போவார்.
ஒருநாள் பதின்மூன்று.
படை முழுவதும் முழங்காலில் நின்று மணலைக் கிளறியது,
எதிரிப் படையும் சேர்ந்து.

மேஜர், சிவகடாட்சம்.
கப்டன், அருள்நேசன்.
மேடையில் இருபது வருசப் பகை.
ஒருவர் ராசாவாய் நின்ற இடத்தில்
மற்றவர் அடுத்த வருசம் ராசாவாய் நிற்பார்,
முடியை மட்டும் புதிதாகச் செய்விப்பார்.

கதையில் தண்ணீர் ஒரு போத்தல்,
கிணற்றுக்குப் பதினெட்டு மைல்,
காலில் சூடுபட்ட சிப்பாய் ஒருவன்.
தூக்கிக்கொண்டு போவோம் என்பான் கப்டன்.
மேஜருக்கு ஒரே வரி:
"அவனை விடு. நட."
பிறகு திரும்பிப் பாராமல் நடக்கவேண்டும்.

சிப்பாய், இந்த ஊர் மரியசீலன்.
கடல் ஏறாத நாள். சும்மா கிடந்தால் காசு என்றதும் வந்தவன்.

முதற்தரம் "அவனை" என்றதோடு நின்றுபோனது.
நாலாந்தரம் "அவனைத் தூக்கு" என்றுவிட்டார்.
சிரித்தார்கள்.
ஏழாந்தரம் யாரும் சிரிக்கவில்லை.
நான் அழித்தேன்.
அழித்த இடத்திலேயே திரும்பவும் அழித்தேன்.

"உந்த வேசத்தை எனக்குத் தந்திருந்தா
ஒரே தரத்தில சொல்லியிருப்பன்"
என்றார் அருள்நேசன்,
நல்லவனாக நடிக்கிறவர்.

"தெரியும்" என்றார் மேஜர்.
"நாவற்குழிப் பாலத்தில, அந்த மழைக்குள்ள,
எங்களைத் தாண்டிச் சைக்கிளில போனனி.
கரியரில ஒண்டும் இல்லை."

அலைச்சத்தம் கேட்டது,
பாலைவனத்தில் கேட்கக்கூடாத அளவுக்கு.

அருள்நேசன் தொப்பியைக் கழற்றினார்.
"பிறகு நீ ஆரைத் தூக்கினனீ?"

கட் என்று யாரும் சொல்லவில்லை.
இயக்குநர் வாகீசன், தொண்ணூற்றெட்டில் பிறந்தவன்,
என்ன பாலம் என்று உதவியாளரைக் கேட்டான்.
உதவியாளர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

அப்போது மணலில் கிடந்தவன் சொன்னான்,
கண்ணைத் திறக்காமலே:
"என்னை விட்டிட்டுப் போங்கோ ஐயா.
மணல் சுடுது."

அடுத்தநாள் சிவகடாட்சம் வரவில்லை.
சீருடையை மடித்துக் கொடுத்தனுப்பியிருந்தார்,
இஸ்திரி போட்டு.

பரவாயில்லை என்றான் வாகீசன்.
முகம் வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே இருந்தது.
குரலை அருள்நேசன் கொடுத்தார்,
காருக்குள் கண்ணாடிகளைப் பூட்டிவிட்டு,
ஒரே தரத்தில்.
வெளியே வந்து கனநேரம் தண்ணீர் குடித்தார்.

பாக்கி, தூரத்தில் நடந்து போகும் கால்கள்.

ஒன்பதாம் நம்பர் சப்பாத்து.
ஆருக்குச் சரிவரும் என்று கேட்டார்கள்.
கிளையைக் கீழே வைத்தேன்.

மணல் மூடிய பழைய கோயிற்சுவரில் இருந்து
சவுக்கு நிழல் தொடங்கும் இடம்வரை
மரியசீலனை விட்டுவிட்டு நடந்தேன்.
திரும்பிப் பார்க்காதே என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.
சப்பாத்து கொஞ்சமும் கடிக்கவில்லை.

முடிந்ததும் கிளையை எடுத்தேன்.
"வேண்டாம் அண்ணை" என்றான் வாகீசன்,
"இனி ஒண்டும் எடுக்கிறதில்லை."

லைற்றுகளை ஏற்றினார்கள்.
பொலிஸ்காரர் எண்ணினார், பதினாலு.
மரியசீலன் மணலைத் தட்டிக்கொண்டு எழும்பி
என்னிடம் பீடி இருக்கிறதா என்று கேட்டான்.

காற்று வந்து மூடிவிடும் என்று
தடங்களைப் பார்த்தபடி நின்றேன்.
அன்று பார்த்துக் காற்றில்லை.